கால்படாத இடம்

அழிந்துபோன விலங்கை மறுபடியும் உண்டாக்க விரும்புகிறவர்களுக்குச் சட்டம் இரண்டே நிபந்தனைகள்தான் வைத்திருந்தது. இரண்டும் நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டவை. நல்ல எண்ணத்தில் எழுதப்படும் விதிகளுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

முதல் நிபந்தனை, ஆய்வகத்தில் பிறக்கும் ஒவ்வோர் உயிரின் மரபணுவிலும் ஓர் அடையாளம் பதித்திருக்க வேண்டும். மாட்டுக்குச் சூடு போடுவதுபோலத்தான். சூடு தோலில் தெரியும், இது ரத்தத்தில் தெரியும். இரண்டாவது, அந்த இனத்தின் அசல் விலங்கு ஒன்று காட்டில் எங்காவது உயிரோடு இருப்பது தெரியவந்தால், செய்யப்பட்டவை அத்தனையையும் ஊசி போட்டு முடித்துவிட வேண்டும். அசல் ரத்தத்தில் செய்த ரத்தம் கலந்துவிடக் கூடாதே என்ற அக்கறை. இதை எழுதியவர்கள் ஒரு கூண்டின் பக்கம்கூடப் போயிருக்க மாட்டார்கள்.

செங்கோட்டைக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் அந்தப் பண்ணை இருந்தது. முதலாளி தாணுமூர்த்தி நாகர்கோவில்காரர். ஊதுபத்தியில் ஆரம்பித்து, ஜவ்வாது, அத்தர் என்று வளர்ந்து, கடைசியில் புனுகில் வந்து நின்றவர். சில கோயில்களில் சாமியின் திருமேனிக்குப் புனுகு சாத்துவார்கள். அசல் புனுகு எப்போதோ போய், டப்பாவில் வரும் செயற்கைச் சரக்குதான் சாமிக்கும் வாய்த்தது. அசலைக் கொண்டுவந்தால் தங்கத்தின் விலைக்குப் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மலபார்ப் புனுகுப்பூனை நாய் அளவு இருக்கும். உடம்பெல்லாம் பெரிய கரும்புள்ளிகள், முதுகில் பிடரிமயிர் போல ஒரு கறுப்புக் கோடு. புனுகுக்காகக் கூண்டில் அடைத்தும், இருந்த காட்டை வெட்டியும் மனிதர்கள் அதை ஒழித்தார்கள். இல்லாமல் போய்விட்டது என்று அரசாங்கமும் அறிவித்துவிட்டது. அதை மறுபடி உண்டாக்கித் தரத்தான் தாணுமூர்த்தி டாக்டர் குழல்வாய்மொழியை அழைத்துவந்தார். குற்றாலத்து அம்மன் பெயர். பண்ணையில் எல்லாருக்கும் அவள் குழலி மேடம்.

குழலிக்குப் புனுகு ஒரு பொருட்டே இல்லை. படிக்கிற காலத்தில் ஓர் அருங்காட்சியகத்தில், பஞ்சு அடைத்து, கண்ணாடிக் கண் வைத்து நிறுத்தியிருந்த ஒரு மலபார்ப் பூனையை அவள் பார்த்தாள். அது காட்டுக்குள் நடந்து போவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. நாற்பது சேர்ந்ததும் பாதியைக் காட்டில் விட்டுவிடலாம் என்று தாணுமூர்த்தி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மற்ற எல்லாவற்றையும் செய்தாள்.

மற்ற எல்லாம் என்பது இதுதான். அருங்காட்சியகத்திலிருந்து வாங்கிவந்த பழைய தோல்களில் எடுத்த மரபணுவை வைத்துக் கரு உண்டாக்கி, சாதாரணச் சின்னப் புனுகுப்பூனையின் வயிற்றில் வைப்பார்கள். பிள்ளை பெரிது, தாய் சிறிது. தானாகப் பிறக்க வழியில்லை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். தாய் பிழைக்காது. ஒரு குட்டிக்கு ஒரு தாய் என்று கணக்கு. முதல் தடவை குழலி அழுதாள். பிறகு அது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடும் வேலையாகிவிட்டது.

பிறந்தவை தாமாகச் சேர்ந்து குட்டி போட்டால் இந்தக் கொலை நின்றுவிடும். ஆனால் ஒன்றுகூடச் சேரவில்லை. ஆணை விட்டால் அது மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். கூண்டு வாழ்க்கையின் பயம்தான் காரணம் என்று குழலி நினைத்தாள், காட்டில் விட்டால் சரியாகிவிடும் என்று நம்பினாள்.

கூண்டுக்கு ஒரு சந்தனக் கட்டை நட்டிருந்தது. பூனைகள் அதில் பின்பக்கத்தைத் தேய்க்கும், ஒட்டுகிற புனுகை வழித்து எடுப்பார்கள். மிரண்டுபோன பூனையிடம் இரண்டு மடங்கு கிடைக்கும் என்பதைத் தாணுமூர்த்தி சீக்கிரமே கண்டுபிடித்தார். அதன்பின் கம்பி இடுக்கு வழியாக ஒரு நீளக் குச்சி உள்ளே போக ஆரம்பித்தது. குழலி முதலில் சண்டை போட்டாள், பிறகு முகம் சுளித்தாள், அதற்கும் பிறகு குச்சி போடும் காலைகளில் அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டாள்.

குச்சியைப் பிடித்தவன் முப்பிடாதி. பூனைகளுக்குத் தீனி போட்டு, கூண்டு கழுவி, புனுகு வழிப்பவன். அவற்றுக்குப் பட்சணங்களின் பெயர் வைத்திருந்தான். அதிரசம், சீடை, முந்திரிக்கொத்து. முந்திரிக்கொத்து என்ற பெண் பூனையைச் செல்லமாகக் கொத்து என்பான், செல்லமாகக் கூப்பிட்டுக்கொண்டே குச்சியையும் போடுவான். ஒன்றுக்கும் மற்றதற்கும் அவன் மனசில் சண்டையே கிடையாது.

தேய்ந்துபோன கட்டைகளை உலையில் போட்டு எரிக்க வேண்டும் என்பது பண்ணையின் விதி. பூனைகளின் வாசனைகூட வேலியைத் தாண்டக் கூடாது. மற்ற எல்லாவற்றையும் சொன்னபடி செய்த முப்பிடாதிக்கு இதில் மட்டும் கை வரவில்லை. சாமி உடம்பில் சாத்துகிற பொருள் ஊறின கட்டை. அதை எப்படி நெருப்பில் போடுவது? சாமிக்குச் சூடிக் கழித்த பூவையே எரிக்க மாட்டார்களே, கால்படாத இடமாகப் பார்த்து மரத்தடியிலோ தண்ணீரிலோ போடுவதுதானே வழக்கம். அதனால் அவன் கட்டைகளைச் சாக்கில் கட்டி, பின்வேலிக்கு அப்பால் கொண்டுபோய், ஓடைக்கரை மருத மரத்தின் அடியில் சாத்தி வைத்துவிட்டு வந்தான். யாரிடமும் சொல்லவில்லை. இது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

அப்படி இரண்டு மழைக்காலம் போனது, பண்ணையில் பூனைகளும் நாற்பது சேர்ந்தன. ஒரு நாள் விடியற்காலை அவன் ஓடிவந்து குழலியின் கதவைத் தட்டினான்.

"மேடம், நம்ம பூனை ஒண்ணு வெளிய நிக்குது. மருத மரத்தடியில கட்டையில தேச்சுக்கிட்டு இருக்கு."

பொறிக்கூண்டு வைத்து, மீன் போட்டு, மத்தியானத்துக்குள் பிடித்துவிட்டார்கள். வயதான ஆண். ஒரு காது கிழிந்திருந்தது. பிடித்த பிறகு எந்தக் கூண்டு திறந்து கிடக்கிறது என்று பார்க்கப் போனால், எல்லாக் கூண்டிலும் பூனை இருந்தது.

குழலி ரத்தம் எடுத்துச் சோதித்தாள். அடையாளம் இல்லை. மறுபடி சோதித்தாள். இல்லை. அந்த அறையிலேயே தரையில் உட்கார்ந்து அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஒரு மனுஷிக்கு வாழ்நாளில் இதைவிடப் பெரிய சந்தோஷம் வந்துவிட முடியாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. இருந்தவன் முப்பிடாதி மட்டும்தான்.

"இது யாரும் செஞ்சது இல்ல, முப்பிடாதி. தானா பொறந்தது. இதுக்கு ஒரு அம்மா இருந்திருக்கு."

"எல்லாத்துக்கும் அம்மா உண்டுல்லா, மேடம்" என்றான் அவன்.

குழலி ரத்தக் குப்பியை மூடி வைத்தாள். அந்த அம்மாக்கள் எங்கே போனார்கள் என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது நிபந்தனை சாயங்காலம்தான் அவள் நினைவுக்கு வந்தது.

செய்தி கேட்டுத் தாணுமூர்த்தி மறுநாளே வந்தார். கூண்டின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, நல்ல லட்சணமான பூனை என்று மெச்சினார். பிறகு குழலியின் அறைக்கு வந்து, மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். கத்துகிற முதலாளியாக இருந்தால் குழலி எதிர்த்து நின்றிருப்பாள். அவர் கத்துகிற ரகம் இல்லை.

"அறிவிக்கணும்னா அறிவிச்சிருங்கம்மா. நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார்.

"அறிவிச்சா நாப்பதும் போயிரும்."

"போயிரும். ஊசி போட வேண்டியது பண்ணையோட டாக்டர்னு சட்டத்துல இருக்கு. நீங்கதான் போடணும்."

தூரக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றாள். வாசனை பிடித்துக் கீழே இறங்கிய விலங்கு மறுபடியும் இறங்கும், வனத்துறைக்காரர்கள் மரத்துக்கு மரம் கேமரா கட்டியிருக்கிறார்கள், ஒரு படம் விழுந்தால் போதும் என்றார் அவர். இங்கேயே ஒளித்து வளர்க்கலாம் என்றாள். வருகிற வாரம் ஆய்வுக்கு ஆள் வருகிறது, நாற்பது பூனைதான் பதிவில் இருக்கிறது, நாற்பத்தொன்றாவது எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்றார். அவள் சொன்ன ஒவ்வொரு வழியையும் அவர் பொறுமையாகக் கேட்டு, பொறுமையாக அடைத்தார்.

எழுந்து போகும்போது, "ஒண்ணா, நாப்பதான்னு நான் சொல்லக் கூடாதும்மா. நீங்க வளர்த்த பிள்ளைங்க. காட்டுல விடப்போறதும் இந்த நாப்பதுலேருந்துதான். யோசிச்சுக்கிடுங்க" என்றார்.

அவர் போன பிறகு குழலி யோசித்தாள். இது ஒற்றை ஆண், அதுவும் கிழம். ஒற்றை விலங்கால் ஓர் இனம் தழைக்காது. நாற்பது என்றால் தழைக்கும். நாற்பதையும் கொன்றால், அவற்றுக்காக வயிறு கிழிக்கப்பட்ட நாற்பது தாய்களும் வீணாகச் செத்ததாக ஆகும். இந்த இடத்துக்கு வந்ததும் அவள் முடிவெடுத்துவிட்டாள். ஏற்கெனவே செய்த கொலைகள்தான் அடுத்த கொலைக்கு நியாயம் சொல்லிக்கொடுத்தன. எல்லா ஊரிலும் அது அப்படித்தான் நடக்கிறது.

ஆனாலும் கை எழ அவளுக்குச் சில நாட்கள் பிடித்தன. அதுவரை அந்த ஆண், கொத்துவின் கூண்டை ஒட்டிய காலிக் கூண்டில் கிடந்தது. எதையும் தின்னவில்லை. குச்சி படாமலே கட்டையில் தேய்த்தது, மற்ற எந்தப் பூனையும் தராத அளவுக்குப் புனுகு தந்தது. ஆய்வுக்கு முந்தைய நாள் காலையில் குழலி ஊசியோடு வந்தாள்.

முப்பிடாதியிடம் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவன் ஓர் எட்டுப் பின்னால் போனான். மற்றதெல்லாம் நாம் செய்தது, இது தானாக வந்ததாயிற்றே என்றான். தானாக ஏன் வந்தது என்று அவள் கேட்டாள். அப்போதுதான் அவன் கட்டைகளின் கதையைச் சொன்னான், எரிக்க மனசு வரவில்லை என்பதையும் சொன்னான். குழலி கேட்டுக்கொண்டே ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

"அப்போ நீதான் இதைக் கூப்பிட்டிருக்க" என்றாள். "மேல எங்கேயோ நிம்மதியா கெடந்ததைக் கூப்பிட்டுக் கொண்டுவந்து என் கையில குடுத்திருக்க. இப்போ ஒழுங்காப் பிடி."

அவன் பிடித்தான். பூனை அவளைக் கடிக்கவில்லை, சீறவில்லை. மனிதக் கை என்னவெல்லாம் செய்யும் என்று அதற்கு இன்னும் தெரியாது. மருந்து ஏறினதும் பின்னங்காலை ஒரு தடவை நீட்டியது, அவ்வளவுதான்.

உடம்பை எரிக்கச் சொன்னாள். ரத்தம் எடுத்த குப்பி, துடைத்த பஞ்சு, கூண்டில் உதிர்ந்த மயிர், மருத மரத்தடியில் கிடந்த கட்டைகள், எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னாள். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது சாட்சி. இந்த முறை முப்பிடாதி விதியை மீறவில்லை. சாம்பலை மட்டும் ஓடையில் கரைத்துவிட்டு வந்தான்.

மலபார்ப் புனுகுப்பூனை உண்மையில் அழிந்தது அன்றைக்குத்தான். அந்த ஆண் பிடிபட்டதிலிருந்து பண்ணை சட்டவிரோதமாக நடந்துகொண்டிருந்தது, யாருக்கும் தெரியாது என்பதுதான் விஷயம். அன்று மாலையிலிருந்து எல்லாம் முறைப்படி சரியாகிவிட்டது. மறுநாள் ஆய்வுக்கு வந்தவர்கள் சுத்தமான பண்ணை என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த சில வாரங்களில் கொத்துவின் வயிறு பெருத்தது. குழலி முதலில் கட்டி என்று நினைத்துப் பயந்தாள். பிறகு கை வைத்துப் பார்த்தபோது உள்ளே அசைந்தது. ஒரு காலையில் கொத்து இரண்டு குட்டிகள் போட்டது, தானாகவே, கத்தி படாமல். தாய் குட்டியை நக்குவதை அந்தப் பண்ணையில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. நக்குவதற்கு எந்தத் தாயும் மிஞ்சியதில்லை.

செய்தி நாடெங்கும் போனது. அழிந்த இனம் தானாகத் தழைக்கிறது என்று எழுதினார்கள். அடையாளம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற அரசாங்கச் சோதனையில், இருக்கிறது என்று வந்தது. தாணுமூர்த்தி நாகர்கோவிலிலிருந்து முந்திரிக்கொத்து செய்யச் சொல்லி, பெட்டி பெட்டியாக இறக்கி ஊருக்கெல்லாம் கொடுத்தார். இனி பூனைகளே பெற்றுக்கொள்ளும், கருவுக்கும் கத்திக்கும் எதற்குச் செலவு என்று, கரு உண்டாக்கும் கருவிகளை ஓர் ஆட்டுப்பண்ணைக்கு விற்றுவிட்டார். பழைய தோல்கள் அருங்காட்சியகத்துக்கே திரும்பிப் போயின. குழலி தடுக்கவில்லை. இனி ஒரு தாயின் வயிற்றையும் கிழிக்க வேண்டாம் என்பதில் அவளுக்கு இருந்த நிம்மதி அப்படி.

தகப்பன் எந்தப் பூனை என்று தெரிந்தால் அதையே மற்றப் பெண்களோடும் விடலாமே என்று, குட்டிகளின் ரத்தத்தை முழுதாகச் சோதித்தாள். அடையாளம் தாய் வழியில் மட்டும் இருந்தது. தகப்பன் வழியில் இல்லை.

முப்பிடாதியைக் கூப்பிட்டாள். அவன் ஒளிக்கவில்லை.

"சாப்பிடாம கெடந்தது மேடம். கொத்து அந்தப் பக்கம் நின்னு மொனங்கிக்கிட்டே இருந்தா. நடுக்கதவத் தூக்கி விட்டேன். போயி அவ தட்டுல தின்னுச்சு. சாகப்போற உயிரு, வயிறாவது நெறையட்டும்னுதான்."

குழலி அன்றே எல்லா ஆண் பூனைகளின் விந்தையும் எடுத்துப் பார்த்தாள். ஒன்றில்கூட உயிர் அசையவில்லை. கூண்டும் இல்லை, பயமும் இல்லை, காரணம் அவள்தான். ஆண்களுக்கே உரிய மரபணுப் பகுதி பழைய தோல்களில் சிதைந்து கிடந்தது. அந்த ஓட்டைகளைச் சின்னப் புனுகுப்பூனையின் மரபணுவால் ஒட்டுப் போட்டிருந்தாள். ஒட்டுத்துணி உடுத்தத்தான் ஆகும், ஒட்டுப் போட்ட ஆணால் குட்டி தர முடியாது. அந்தத் தோல்களிலிருந்து எத்தனை ஆணைச் செய்தாலும் அத்தனையும் மலடாகத்தான் பிறக்கும்.

ஒட்டு இல்லாத முழு ஆண் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்று இருந்தது. அது தன் காலாலேயே நடந்து அவள் வாசலுக்கு வந்தது. அவள் அதை மயிர்கூட மிஞ்சாமல் எரித்தாள். பிறந்த குட்டிகள் இரண்டும் பெண்.

தாணுமூர்த்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள், அதுகூட ஓர் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார்.

"அப்போ இனிமே புதுசா வராது. இருக்கது இருக்கதுதான், அப்படித்தானே?"

"ஆமா."

"நல்லதும்மா" என்றார். "கெடைக்காதுன்னு தெரிஞ்சாத்தான் சரக்குக்கு மதிப்பு."

காட்டில் விடுகிற பேச்சு அத்தோடு முடிந்தது. விட்டாலும் என்ன பயன் என்று கேட்டார் அவர். குச்சி போடுவதை வாரம் ஒரு நாளிலிருந்து இரண்டு நாளாக்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் குழலி, இனிமேல் தேய்ந்த கட்டைகளை எரிக்க வேண்டாம் என்று முப்பிடாதியிடம் சொன்னாள். அவளே தூக்கிக்கொண்டு போனாள். மருத மரத்தடியில், அவன் சாத்தி வைத்த அதே இடத்தில் சாத்தி வைத்தாள். மேலே ஒட்டியிருந்த புனுகையெல்லாம் துணியால் துடைத்து, உள்ளே ஊறின வாசனை மட்டும் நிற்க, வெறும் கட்டையாக்கி வைத்தாள். வேறு ஏதாவது வந்து தேய்த்தால் தெரிய வேண்டும் அல்லவா? தினமும் விடிந்ததும் போய்ப் பார்ப்பாள். ஒன்று பிழைத்துக் கிடந்த மலையில் இன்னொன்று கிடக்காதா என்று. வந்தால் என்ன செய்வாள்? பிடிப்பாளா, விரட்டுவாளா, சட்டத்துக்குச் சொல்வாளா என்பதெல்லாம் அவளுக்கே தெரியாது. வர வேண்டும், அவ்வளவுதான்.

மழை வந்து போனது. பனி வந்து போனது. கட்டை வெறும் கட்டையாகவே இருந்தது. குழலி இளைத்துப்போனாள். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். முப்பிடாதி கூண்டு கழுவிக்கொண்டே அவளைப் பார்ப்பான். நீதான் கூப்பிட்டாய் என்று அவள் சொன்ன நாளிலிருந்து அவன் அவளிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை, கட்டையில் புனுகு இருந்தது. ஈரமாக, மஞ்சளாக, ஒரு பூனையின் இடுப்பு உயரத்தில் அப்பியிருந்தது. குழலி முழங்காலிட்டு மோந்து பார்த்தாள். அதை வழித்து எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடினாள். புனுகில் ஒட்டியிருக்கும் தோல்செதிள் போதும், சோதித்துவிடலாம்.

அடையாளம் இருந்தது.

அவள் வெளியே வந்தபோது முப்பிடாதி கூண்டு வரிசையில் நின்றிருந்தான். முகத்தைப் பார்த்ததுமே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"நீயா வச்ச?"

"ஆமா மேடம்."

"எதுக்கு?"

"தெனமும் போயி வெறும் கட்டையப் பாத்துட்டு வாரீக. ஒரு நாளாவது இருக்கட்டுமேன்னு."

"யாரோடது?"

"கொத்தோடது. சும்மா குடுக்கல, கணக்குல உள்ளதுதான் முதலாளிக்குப் போயிருதே. கூட ஒருக்க குச்சி போட்டுத்தான் எடுத்தேன்."

கொத்து கூண்டின் மூலையில் குட்டிகளை வயிற்றுக்கடியில் தள்ளி மறைத்துக்கொண்டு நின்றது. முதுகுமயிர் இன்னும் அடங்கவில்லை. குழலி அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இனிமேல் இப்படிச் செய்யாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடியற்காலையிலும் அவள் மருத மரத்தடிக்குப் போனாள். கட்டையில் புனுகு இருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். வந்திருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதை அவள் சோதிக்கவில்லை.